வீடு மாறினால் ஓட்டும் மாறும்! அமெரிக்க அதிபர் தேர்தலின் விநோதக் கணக்கு

டெக்சாஸில் வாழ்ந்த அமெரிக்கக் குடிமகன் ஒருவர் சென்னைக்கு வந்து குடியேறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதிபர் தேர்தல் வந்தால், டெக்சாஸ் வாக்காளராக அவர் தபாலில் ஓட்டுப் போடலாம். அவரே அமெரிக்காவின் ஆளுகையில் உள்ள புவேர்ட்டோ ரிக்கோ தீவுக்குக் குடிபோனால்? அவருக்கு ஓட்டு கிடையாது!

வெளிநாட்டில் இருப்பவருக்குக் கிடைப்பது, அமெரிக்க மண்ணிலேயே இருப்பவருக்கு ஏன் இல்லை? காரணம், அங்கே அதிபரைத் தேர்ந்தெடுப்பது மாநிலங்கள்தான். புவேர்ட்டோ ரிக்கோ ஒரு மாநிலம் அல்ல.

538 பேர் கையில் முடிவு

நவம்பரில் மக்கள் போடும் ஓட்டு நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுப்பதில்லை. தங்கள் மாநிலத்தின் 'தேர்வாளர்களை'த்தான் அவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். டிசம்பரில் இந்தத் தேர்வாளர்கள் கூடி அதிபருக்கு வாக்களிப்பார்கள்.

ஒரு மாநிலத்துக்குப் பிரதிநிதிகள் சபையில் எத்தனை உறுப்பினர்களோ, அதோடு செனட்டர்கள் இருவரையும் சேர்த்தால் அதன் தேர்வாளர் எண்ணிக்கை வந்துவிடும். நாடு முழுவதும் மொத்தம் 538. இதில் 270 கிடைத்தால் வெற்றி.

பெரிய மாநிலமோ, சின்ன மாநிலமோ, செனட்டர்கள் இருவர்தான். இதனால் சின்ன மாநிலத்தின் ஓட்டுக்கு எடை கூடிவிடுகிறது. 2020 கணக்கெடுப்புப்படி, சுமார் 5.77 லட்சம் பேர் வாழும் வயோமிங்குக்கு 3 தேர்வாளர்கள். அதாவது 1.92 லட்சம் பேருக்கு ஒருவர். சுமார் 3.95 கோடிப் பேர் வாழும் கலிபோர்னியாவுக்கு 54 தேர்வாளர்கள். அங்கே 7.3 லட்சம் பேருக்கு ஒருவர்தான்!

ஜெயித்தவருக்கே அத்தனையும்

48 மாநிலங்களில், ஒரு ஓட்டு அதிகம் வாங்கினாலும் அந்த மாநிலத்தின் எல்லாத் தேர்வாளர்களும் அவருக்கே. மெய்ன், நெப்ராஸ்கா மட்டும் விதிவிலக்கு.

2000-ல் ஃபுளோரிடாவில் ஜார்ஜ் புஷ் முந்தியது வெறும் 537 ஓட்டில். 25 தேர்வாளர்களும் அவர் பக்கம் வந்தார்கள், அதிபரானார். நாடு முழுவதும் கூட்டிப் பார்த்தால் அல் கோர் 5 லட்சத்துக்கும் மேல் அதிக ஓட்டு வாங்கியிருந்தார். 2016-ல் ஹிலாரி கிளின்டன் 28 லட்சத்துக்கும் மேல் கூடுதலாகப் பெற்றும் தோற்றார்.

மாநிலத்துக்கு ஒரு சட்டம்

நம் ஊரில் நாடாளுமன்றத் தேர்தல் என்றால், நாடு முழுவதும் ஒரே தேர்தல் ஆணையம், ஒரே விதி. அமெரிக்காவில் தேர்தலை நடத்துவது அந்தந்த மாநிலம். நார்த் டகோட்டாவில் வாக்காளராகப் பதிவு செய்யவே வேண்டாம். மெய்ன், வெர்மான்ட்டில் சிறைக்கைதிகளும் ஓட்டுப் போடலாம். பெரும்பாலான மாநிலங்களில் பெரிய குற்றத்துக்காகச் சிறையில் இருப்பவருக்கு அந்த உரிமை இல்லை.

மாநிலங்களின் இந்த அதிகாரம் அநியாயத்துக்கும் இடம் கொடுத்தது. இனத்தைக் காரணம் காட்டி ஓட்டுரிமையை மறுக்கக் கூடாது என 1870-லேயே அரசியல் சட்டம் சொன்னது. ஆனாலும் தென் மாநிலங்கள் எழுத்தறிவுத் தேர்வு, ஓட்டு வரி என்று தடை போட்டு, கறுப்பின மக்களை வாக்குச்சாவடிக்கு வெளியிலேயே நிறுத்தின. அதை உடைக்க 1965-ன் வாக்குரிமைச் சட்டம் வரவேண்டியிருந்தது.

வழி இருக்கிறதா?

தலைநகர் வாஷிங்டன் மக்களுக்கும் ஒருகாலத்தில் அதிபர் தேர்தலில் ஓட்டு இல்லை. 1961-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி அவர்களுக்குத் தேர்வாளர்கள் கொடுத்தார்கள். 1964-ல் முதல் முறையாக அதிபருக்கு ஓட்டுப் போட்டார்கள்.

புவேர்ட்டோ ரிக்கோ மக்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். அமெரிக்க ராணுவத்தில் போய்ப் போரிடுகிறார்கள். அந்தப் படைக்குத் தலைமைத் தளபதி அதிபர்தான். ஆனால், தீவில் வாழும்வரை அந்த அதிபரைத் தேர்ந்தெடுப்பதில் அவர்களுக்குப் பங்கில்லை. ஃபுளோரிடாவுக்குக் குடிபெயர்ந்து வாக்காளராகப் பதிவு செய்தால், ஓட்டு கைக்கு வந்துவிடும்.

தீவிலிருந்தபடியே அதைப் பெற வேண்டுமானால் புவேர்ட்டோ ரிக்கோ மாநிலமாக வேண்டும், அல்லது அரசியல் சட்டம் திருத்தப்பட வேண்டும். திருத்தத்துக்கு 50-ல் 38 மாநிலங்கள் சம்மதிக்க வேண்டும். இப்போதுள்ள கணக்கில் லாபம் பார்க்கும் மாநிலங்கள் அவ்வளவு சுலபமாகத் தலையாட்டுமா என்ன?