நீச்சல் குளப் பூச்சு அரிப்பு

நீச்சல் குளப் பூச்சு அரிப்பு என்பது, குளத்தின் சுவரிலும் தரையிலும் உள்ள சிமென்ட் பூச்சு நீரில் கரைந்து சொரசொரப்பாவதைக் குறிக்கும். சொரசொரப்பான தரை பாதங்களைச் சிராய்க்கும். அதன் நுண்குழிகளில் பாசி எளிதில் பற்றிக்கொள்ளும்.

காரணம்

சிமென்ட் நீருடன் வினைபுரிந்து இறுகும்போது கால்சியம் ஐதராக்சைடும் உருவாகிறது. இது நீரில் ஓரளவு கரையக்கூடியது. குளத்து நீரில் கால்சியம் குறைந்தாலோ அமிலத்தன்மை மிகுந்தாலோ, நீர் பூச்சிலுள்ள கால்சியத்தைக் கரைத்துக்கொள்கிறது.

லாங்கிலியர் சுட்டெண்

அமெரிக்கரான வில்பிரட் லாங்கிலியர், குடிநீர்க் குழாய்களின் அரிப்பைத் தடுக்க 1936 ஆம் ஆண்டில் இச்சுட்டெண்ணை வெளியிட்டார். பி.எச். மதிப்பு, காரத்தன்மை, கால்சியக் கடினத்தன்மை, வெப்பநிலை, கரைந்துள்ள உப்புகள் ஆகியவற்றைக் கொண்டு இது கணக்கிடப்படுகிறது.

* சுழியம்: நீர் சமநிலையில் உள்ளது.
* எதிர்மம்: பூச்சு அரிக்கப்படும்.
* நேர்மம்: கால்சியம் கார்பனேட்டு வெண்படிவாகப் படியும்.

ஊர்த் தொட்டிகள்

கள்ளக்குறிச்சி மாவட்டம் நைனார்பாளையம் போன்ற வேளாண் ஊர்களின் பம்புசெட் தொட்டிகளுக்கும் இதே வேதியியல் பொருந்தும். கடினமான கிணற்று நீர் வெண்படிவை உண்டாக்கும். கோடை வெப்பம் அதனைக் கூட்டும். மழைநீரில் கால்சியம் மிகக் குறைவு என்பதால், அது தேங்கினால் பூச்சு அரிக்கும்.

பராமரிப்பு

தெளிந்த நீரெல்லாம் சமநிலை நீர் அன்று; அரிக்கும் நீரும் தெளிவாகவே இருக்கும். எனவே சோதனை இன்றியமையாதது. பி.எச். மதிப்பை 7.2 முதல் 7.8 வரை பேணுவது பொது வழக்கம். குளோரின் வாயு இம்மதிப்பைக் குறைக்கும். பிளீச்சிங் பவுடர் உயர்த்தும். ஆகவே கிருமிநீக்கிக்கு ஏற்பப் பிற அளவுகளையும் திருத்த வேண்டும். அமிலத்தை ஒரே இடத்தில் ஊற்றினால் அவ்விடத்துப் பூச்சு விரைவில் பழுதடையும்.