எலும்பு வளரச் சொல்லும் புரதம்

தோலில் ஆழமாக வெட்டுப்பட்டால் தழும்பு நின்றுவிடும். எலும்பு அப்படியல்ல, முறிந்த இடத்தில் பழையபடி எலும்பாகவே கூடிக்கொள்ளும். இந்த வேலையைத் தொடங்கி வைப்பதில் பெரும்பங்கு பி.எம்.பி. எனப்படும் வளர்ச்சிக் காரணிப் புரதங்களுக்கு உண்டு.

இதன் தடயத்தைப் பிடித்தவர் லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் எலும்பு அறுவை மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட். எலும்பை அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்புச் சத்தை நீக்கினார். எஞ்சிய சக்கையை முயல் முதலான விலங்குகளின் தசைக்குள் வைத்துத் தைத்தார். சில வாரங்களில், எலும்புக்கு வேலையே இல்லாத அந்தத் தசையில் புது எலும்பு உருவாகியிருந்தது, உள்ளே மஜ்ஜையோடு! வைத்த துண்டோ உயிரற்றது. அப்படியானால் எலும்பைக் கட்டியவை அந்த விலங்கின் சொந்தச் செல்கள்தாம். சக்கையில் இருந்த ஏதோ ஒன்று அவற்றை ஏவியிருக்கிறது. 1965இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான இந்தச் சோதனை, என் பார்வையில், எலும்பு மருத்துவத்தின் மிக அழகான சோதனைகளில் ஒன்று.

அந்த 'ஏதோ ஒன்று'தான் பி.எம்.பி. அது எலும்பில் மிக நுண்ணிய அளவில்தான் இருக்கிறது. அதனால் அதன் மரபணுக்களைப் பிரித்தறிய 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தப் புரதங்களில் ஒன்றான பி.எம்.பி.-2, செல்லின் மேலுள்ள ஏற்பிகளில் ஒட்டிக்கொள்ளும். உடனே உள்ளேயிருக்கும் ஸ்மாட் புரதங்கள் உட்கருவுக்குச் சென்று சில மரபணுக்களை முடுக்கிவிடும். இன்னும் எந்த வேலைக்கும் நிலைபெறாத குருத்தணு, எலும்பு கட்டும் செல்லாக மாறத் தொடங்கும்.

ஆய்வகத்தில் தயாரித்த பி.எம்.பி.-2இல் கொலாஜன் பஞ்சை நனைத்து, கீழ்முதுகு எலும்புகளை இணைக்கும் ஒருவகை அறுவையில் பயன்படுத்த 2002இல் அமெரிக்கா அனுமதித்தது. இணைப்பதற்காக இடுப்பிலிருந்து எலும்பு வெட்டி எடுக்கும் வேதனை நோயாளிக்கு மிச்சமாயிற்று. ஆனால் உடல் தானாகச் சுரப்பதைவிடப் பன்மடங்கு மருந்து தேவைப்பட்டது. கழுத்தெலும்பு அறுவையில் பயன்படுத்தியபோது சிலருக்குத் தொண்டை வீங்கி மூச்சுவிடவே சிரமமானது. 2008இல் இதுபற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. வேண்டாத இடத்தில் எலும்பு வளர்ந்ததும் உண்டு.

எலும்பு வளரச் சொல்லும் கட்டளை ஓயாவிட்டால் என்னவாகும் என்பதை எஃப்.ஓ.பி. என்ற அரிய நோய் காட்டுகிறது. பி.எம்.பி. ஏற்பி ஒன்றின் மரபணுப் பிழையால் தசையும் தசைநாரும் எலும்பாக மாறி, மூட்டுகள் இறுகிவிடுகின்றன. இந்தப் பிழை 2006இல் கண்டறியப்பட்டது.

முதுகெலும்பு அறுவைக்குச் செல்பவர்கள், இந்தப் புரதம் வைக்கப்படுமா, எந்த இடத்தில், எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கும், எலும்பு வளர்ச்சி முடியாத பிள்ளைகளுக்கும், அறுவை நடக்கும் இடத்தில் புற்றுநோய் உள்ளவர்களுக்கும் இதைப் பயன்படுத்தக் கூடாது.