சாயத்தில் நனையும் கைக்குத் தேங்காயெண்ணெய்

திருப்பூரில் பிளீச்சிங்கிலும் சாயப்பட்டறையிலும் வேலை பார்க்கிறவர்களுக்கு முதலில் அடி வாங்குவது கைதான். காஸ்டிக் சோடா, பெராக்சைடு, உப்பு, சோப்பு, போதாததற்கு நாள் முழுக்க ஈரம். விரல் இடுக்கில் தோல் வெளுத்து உரியும். புறங்கை சொரசொரத்து, விரல் மூட்டுகளில் வெடிக்கும். வீட்டுக்கு வந்ததும் பலர் தேடுவது தேங்காயெண்ணெய்ப் பாட்டிலை. அதற்கான கொப்பரை காயும் களங்களும் எண்ணெய் ஆலைகளும் இதே திருப்பூர் மாவட்டத்துக் காங்கேயத்திலும் வெள்ளகோவிலிலும் நிறைய இருக்கின்றன. இந்தப் பழக்கத்துக்கு அறிவியல் ஆதாரம் உண்டா என்றால், உண்டு. ஆனால் அந்த எண்ணெயை எப்போது தடவுகிறோம் என்பது மிக முக்கியம்.

தோலின் வெளிப்புற அடுக்கு, உள்ளங்கையையும் உள்ளங்காலையும் தவிர்த்தால், ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கனம்தான் இருக்கும். இறந்த செல்கள் அடுக்கடுக்காக இருக்க, அவற்றின் இடைவெளியைச் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் நிரப்பியிருக்கும். உடம்பின் நீர் வெளியேறாமலும் வெளியிலிருக்கும் ரசாயனம் உள்ளே புகாமலும் காப்பது இந்தக் கொழுப்புதான். சோப்பும் காரமும் அதைக் கரைத்து எடுத்துவிடுகின்றன. இயல்பில் தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது. காஸ்டிக் அதற்கு நேர் எதிரி.

அந்த இடைவெளிகளை ஓரளவு அடைத்து, நீர் இழப்பைக் குறைப்பதுதான் எண்ணெய் செய்யும் வேலை. பிலிப்பைன்ஸில் தோல் வறட்சி உள்ள 34 பேரிடம் நடந்த ஆய்வு 2004இல் வெளியானது. இரண்டு வாரத்தில் தேங்காயெண்ணெய், மருந்துக்கடையில் விற்கும் மினரல் ஆயிலுக்குச் சமமாகப் பலன் தந்தது. 2014இல் வெளியான இன்னோர் ஆய்வில், அதே நாட்டில் கரப்பான் உள்ள 117 குழந்தைகளிடம் எட்டு வாரம் சோதித்தார்கள். நோயின் தீவிரம் தேங்காயெண்ணெய் தடவியவர்களுக்கு 68 சதவீதமும், மினரல் ஆயில் தடவியவர்களுக்கு 38 சதவீதமும் குறைந்தது. இந்த எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். தோலில் சீழ் பிடிக்கச் செய்யும் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமியை அது ஒடுக்குகிறது. ஆய்வுகளில் பயன்பட்டது வாசனையோ நிறமோ சேர்க்காத சுத்தமான எண்ணெய் என்பதை மறக்க வேண்டாம். வாசனை சேர்த்த தலை எண்ணெயை வெடித்த கையில் தடவினால் ஒவ்வாமையை விலைக்கு வாங்குவதாகிவிடும்.

இனி நேரத்துக்கு வருவோம். வேலைக்குப் போகும் முன் எண்ணெய் பூசிக்கொண்டால் ரசாயனம் ஏறாது என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். இது ஆபத்தான நம்பிக்கை. தேங்காயெண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்தால் கிடைப்பது சோப்பு. சோப்பு காய்ச்சுவதே அப்படித்தான். காரத்தை எண்ணெய் தடுக்காது. ரியாக்டிவ் சாயத்தையும் தடுக்காது. பருத்தி இழையோடு பிணையும் அதே தன்மையால் அந்தச் சாயம் தோலின் புரதத்தோடும் பிணைந்து, சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும். எண்ணெய்க் கையை ரப்பர் கையுறைக்குள் விட்டால் ரப்பர் இளகிக் கிழியும். துணியில் எண்ணெய்க் கறை பட்டால் செக்கிங்கில் கழித்துவிடுவார்கள் என்பதைத் திருப்பூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே வேலை நேரத்தில் கையைக் காக்க வேண்டியது கையுறை. வேலை முடிந்த பிறகே எண்ணெய். பச்சைத் தண்ணீரில், மென்மையான சோப்பில் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, ஈரம் முழுக்கக் காயுமுன் தடவ வேண்டும். படுக்கும்போது இன்னொரு முறை தாராளமாகத் தடவி, மேலே பருத்திக் கையுறை போட்டுக்கொண்டால் இரவு முழுக்க ஈரம் நிற்கும். கையில் ஏறிய சாயத்தைப் போக்க பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ப்பது தோலுக்கு விழும் இரண்டாவது அடி. சாயம் தானே போகும். விட்டுவிடுங்கள்.

தேங்காயெண்ணெய் எல்லாவற்றிலும் முதல் இடம் பெறாது. தோலின் தடுப்புச் சுவருக்கு லினோலெயிக் அமிலம் கட்டாயம் தேவை. உணவில் கொழுப்பே தராத எலிகளின் தோல் செதில் செதிலாக உரிந்ததை ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதி 1929இல் கண்டதிலிருந்து தொடங்கியது இந்த அறிவு. இந்த அமிலம் தேங்காயெண்ணெயில் 2 சதவீத அளவுதான். பருத்தி விதை எண்ணெயில் ஏறக்குறைய பாதி இதுவே. வழக்கமான சூரியகாந்தி எண்ணெயில் அதற்கும் மேல். டாக்காவில் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி விதை எண்ணெய் தடவிப் பார்த்த ஆய்வு 2005இல் லான்செட் இதழில் வந்தது: மருத்துவமனையில் தொற்றும் நோய்கள் 41 சதவீதம் குறைந்திருந்தன. தேங்காயெண்ணெய் சேராதவர்கள் சூரியகாந்தி எண்ணெயை முயன்று பார்க்கலாம்.

தேமல் உள்ளவர்கள் எண்ணெய் தடவக் கூடாது. தேமலை உண்டாக்கும் மலசீசியா பூஞ்சைக்குக் கொழுப்புதான் தீனி. முகப்பருவுக்கும் எண்ணெய் ஆகாது. விரல் இடுக்குப் புண் பூஞ்சையால் வந்திருந்தால் அதற்கு மருந்துதான் வேண்டும்.

விடுமுறையில் அரிப்பு அடங்கி, வேலைக்குப் போனதும் திரும்ப வருகிறதென்றால் வேலையில் தொடும் ஏதோ ஒன்று காரணமாக இருக்கலாம். தோல் மருத்துவரிடம் போகும்போது எந்தெந்த ரசாயனத்தைத் தொடுகிறீர்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள். தொழிலால் வரும் தோல் நோய்கள் இ.எஸ்.ஐ. திட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலேயே இருக்கின்றன. அட்டை வைத்திருப்பவர்கள் அந்த உரிமையைக் கேட்டுப் பெறுங்கள்.