பார்க்காமலேயே டார்வின் சொன்ன பூச்சி; 41 ஆண்டுகள் கழித்து சிக்கியது எப்படி?

ஒரு பூவை மட்டும் பார்த்துவிட்டு, யாருமே பார்க்காத ஒரு பூச்சி இருக்கிறது என்று சொல்ல முடியுமா? சார்லஸ் டார்வின் சொன்னார். சிலர் சிரித்தார்கள்.

அப்படி என்ன பூ அது?

1862-ல் டார்வினுக்குச் சில ஆர்க்கிட் பூக்கள் பார்சலில் வந்தன. அதில் ஒன்று, மடகாஸ்கரின் கிழக்குக் கடலோரத் தாழ்நிலக் காடுகளில் மரங்களில் ஒட்டி வளரும் வெள்ளைப் பூ. நட்சத்திரம் போல இருக்கும், இரவில்தான் மணக்கும். பூவுக்குப் பின்னால் வால் மாதிரி ஒரு குழாய், நீளம் கிட்டத்தட்ட ஓர் அடி! தேன் இருப்பதோ அதன் அடியில், கடைசி ஒன்றரை அங்குலத்தில்.

தேனை இவ்வளவு ஆழத்தில் வைத்தால் யார் குடிப்பது? டார்வின் சும்மா ஊகிக்கவில்லை. மெல்லிய குச்சியைப் பூவுக்குள் விட்டுப் பார்த்தார். அடிவரை அழுத்தி நுழைத்தால்தான் மகரந்தம் ஒட்டிக்கொண்டு வந்தது. அப்படியென்றால் 10, 11 அங்குலம் நீளும் உறிஞ்சுகுழல் உள்ள அந்துப்பூச்சி மடகாஸ்கரில் இருந்தே ஆக வேண்டும் என்று எழுதினார்.

குழாய் ஏன் இவ்வளவு நீளம்?

பூச்சியின் குழல் பூவின் குழாயைவிட நீளமாக இருந்தால், அது தலையை அழுத்தாமலே தேனைக் குடித்துவிட்டுப் போய்விடும். மகரந்தம் ஒட்டாது. அதனால் நீளமான குழாய் உள்ள பூக்களே அதிகம் காய்த்தன. குழாய் நீள நீள, பூச்சியின் குழலும் நீண்டது. தலைமுறை தலைமுறையாக நடந்த போட்டி இது என்பது டார்வின் தந்த விளக்கம்.

பெயர் வைத்தது யாருக்காக?

1867-ல் ஆல்ஃபிரட் வாலஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். அது ஹாக் மாத் எனப்படும் பருந்து அந்துப்பூச்சியாகத்தான் இருக்கும், நெப்டியூன் கோளைத் தேடியது போல நம்பிக்கையோடு தேடுங்கள் என்றார். 1903-ல் ராத்ஸ்சைல்டு, ஜோர்டான் ஆகிய இருவர் அந்தப் பூச்சியை விவரித்து, 'முன்பே சொல்லப்பட்டது' என்ற பொருளில் 'பிரடிக்டா' என்று பெயர் வைத்தார்கள். டார்வினுக்காக அல்ல, வாலஸின் கணிப்புக்காக! டார்வின் 1882-லேயே இறந்துவிட்டார்.

ஆப்பிரிக்கப் பூச்சி ஒன்றின் கிளையினமாகவே கருதப்பட்ட இது, 2021-ல்தான் தனி இனமானது. அளந்ததில் மிக நீளமான குழல் 28.5 செ.மீ. பறக்கும்போது வாட்ச் ஸ்பிரிங் போலச் சுருட்டி வைத்துக்கொள்ளும்.

இப்போது என்ன சிக்கல்?

விவசாயத்துக்காக வெட்டி எரிக்கப்படுவதால் மடகாஸ்கரின் காடு சுருங்கிக்கொண்டே போகிறது. பூ மட்டும் தப்பித்துவிடும் என்று சொல்லலாம், உலகம் முழுக்கத் தோட்டங்களில் வளர்க்கிறார்களே! ஆனால் அங்கே இந்தப் பூச்சி இல்லை. காய் பிடிக்க வேண்டுமென்றால், டார்வின் செய்தது போல ஒருவர் குச்சியால் மகரந்தத்தை எடுத்து வைக்க வேண்டும்.