உங்களுக்குத் தெரியுமா? கதையில் விடுபட்ட ஆறாவது ஊர்

இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் பீங்கான் தொழிலை நம்பிப் பிழைத்த ஊர்கள் மொத்தம் ஆறு: டன்ஸ்டால், பர்ஸ்லம், ஹேன்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன். ஆனால் அவற்றை உலகறியச் செய்த நாவலாசிரியர் ஆர்னால்ட் பென்னட்டின் கதைகளில் ‘ஐந்து ஊர்கள்’தான்! ஃபென்டனை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மற்றவற்றுக்குப் பெயர் மாற்றினார். பர்ஸ்லம் ‘பர்ஸ்லி’ ஆனது, ஹேன்லி ‘ஹேன்பிரிட்ஜ்’ ஆனது. ஃபென்டன்காரர்கள் கோபப்பட்டால் தப்பா என்ன?

1867இல் ஹேன்லியில் பிறந்தவர் பென்னட். பாட்டில் வடிவச் சூளைகள் கக்கும் நிலக்கரிப் புகை, காசை இறுக்கிப் பிடிக்கும் அப்பாக்கள், மெதடிஸ்ட் தேவாலயத்தின் கெடுபிடி, கடை வியாபாரம், வாடகை பாக்கி... இவைதான் அவருக்குக் கதைப்பொருள். ‘தி ஓல்டு வைவ்ஸ் டேல்’ (1908) ஒரு ஜவுளிக்கடைக்காரரின் இரண்டு மகள்கள் கிழவிகளாகும்வரை நீளும் கதை. அக்கா ஊரிலேயே கடையோடு இருந்துவிடுகிறாள். ஓடிப்போன தங்கையோ, 1870இல் பாரிஸ் நகரம் முற்றுகையில் தவிக்கும்போதும் மளிகை விலையிலும் தன் விடுதியின் வரவு செலவிலும்தான் கண்ணாக இருக்கிறாள். சரித்திரத்தை இப்படிச் சமையலறை வழியாகப் பார்ப்பதுதான் பென்னட்டின் கெட்டிக்காரத்தனம்.

இந்த நாவலை அவர் எழுதியது பிரான்சில். 21 வயதில் லண்டனுக்குக் கிளம்பியவர், பிறகு சொந்த ஊரில் குடியிருக்கவேயில்லை.

ஆறு ஊர்களும் 1910இல் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் என ஒன்றாக இணைந்தன, ஃபென்டனும் சேர்த்துத்தான். பென்னட் பெயரில் லண்டன் சவாய் ஹோட்டலில் ஓர் ஆம்லெட்டே உண்டு. புகையில் பதப்படுத்திய ஹேடாக் மீன் போட்டது.