குறியீட்டுக்குப் பக்கத்துல அலகு எங்கே?

லேடெக்ல தீசிஸ் எழுதுறவங்க முன்பக்கத்துல குறியீட்டுப் பட்டியல் போடுவீங்க. ரோ என்றால் அடர்த்தி, எஃப் என்றால் விசை. ஆனா அலகு? பல பட்டியல்கள்ல அது இருக்காது.

சின்ன விஷயம்தானேன்னு தோணும். 1999 செப்டம்பர்ல நாசாவோட மார்ஸ் க்ளைமேட் ஆர்பிட்டர் செவ்வாய்க்குப் போய்ச் சேர்ந்த அன்னைக்கே தொலைஞ்சது. தரையில ஓடின ஒரு மென்பொருள் த்ரஸ்டர் கணக்கைப் பவுண்டு-விசை நொடியில கொடுத்தது. அதை வாங்கினது நியூட்டன் நொடின்னு எடுத்துக்கிட்டது. வித்தியாசம் சுமார் 4.45 மடங்கு. எண்ணை மட்டும் பார்த்தா இது தெரியவே தெரியாது.

சரி, லேடெக்ல எப்படிச் சேர்க்கிறது? க்ளாசரீஸ் பேக்கேஜ்ல ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு என்ட்ரி. அதுல நேம், டிஸ்கிரிப்ஷன்னு ஃபீல்டுகள் இருக்கும். நிறைய பேர் அலகை டிஸ்கிரிப்ஷனுக்குள்ளயே எழுதிடுவாங்க. அப்படிச் செஞ்சா அலகுகளைத் தனி காலமா அடுக்க முடியாது, கட்டுரைக்குள்ள அலகை மட்டும் கூப்பிடவும் முடியாது.

சுலபமான வழி: அலகை சிம்பல் ஃபீல்டுல வைங்க, லாங்-ஃபோர்-கால் ஸ்டைலைத் தேர்ந்தெடுங்க. பெயர், விளக்கம், அலகு, பக்க எண்ணுன்னு நாலு காலம் வந்துடும். இன்னும் தெளிவா வேணும்னா, ஜிஎல்எஸ்-ஆட்-ஸ்டோரேஜ்-கீ கட்டளையால 'யூனிட்'னு சொந்த ஃபீல்டே உருவாக்கலாம். ஆனா அதைக் காட்டுற ஸ்டைலையும் நீங்கதான் எழுதணும்.

அலகைக் கையால டைப் பண்ணாதீங்க, எஸ்ஐ-யூனிட்-எக்ஸ் பேக்கேஜ்கிட்ட விடுங்க. காரணம் இருக்கு. சாய்வான 'எம்' என்றால் நிறை, நேரான 'எம்' என்றால் மீட்டர். கணித மோடுல வெறுமனே அடிச்சா ரெண்டுமே சாய்வா வந்து நிற்கும்.

ரெனால்ட்ஸ் எண் மாதிரி அலகே இல்லாததுக்குக் கட்டத்தைக் காலியா விடாதீங்க. 1 அல்லது ஒரு கோடு போடுங்க. காலியா இருந்தா, அலகு இல்லையா, எழுத மறந்தாங்களான்னு படிக்கிறவங்களுக்குக் குழப்பம். கிரேக்க எழுத்துகளுக்கு சார்ட் ஃபீல்டையும் கொடுத்துடுங்க, அப்பதான் அகரவரிசை ஒழுங்கா வரும்.

கடைசியா ஒண்ணு. பாஸ்கலைக் கிலோபாஸ்கலா மாத்தினா, அந்த ஃபீல்டைக் கூப்பிடுற எல்லா இடத்துலயும் அலகு மாறிடும். ஆனா எண்கள் மாறாது! லேடெக் கணக்குப் போட்டுத் தராது. அந்த ஆயிரத்தால் வகுக்கிற வேலை உங்களோடது.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.