பத்ராவின் குரலும் ஒரு முக்கோணமும்

மகாளய அமாவாசையன்று விடியற்காலை நான்கு மணிக்கு ரேடியோவைத் திருப்ப, கொல்கத்தாவுக்கு வந்த நாமும் பழகிவிட்டோம். 'மகிஷாசுரமர்த்தினி'யில் பீரேந்திர கிருஷ்ண பத்ராவின் குரல் தழுதழுக்கும். மறுகணம் ஓங்கி எழும். ரயில்வே தகவல் தொடர்புப் பிரிவில் காலம் கழித்த எனக்கோ வேறு கவலை: டிரான்ஸ்மிட்டர் என்ன பாடுபடும்?

1927 ஆகஸ்ட் 26-ல் இங்கு வானொலி நிலையம் தொடங்கிய நாளிலிருந்தே உள்ள கவலைதான் இது. மத்திய அலையில், குரலுக்கேற்ப ஊர்தி அலையின் உயரம் கூடிக் குறைகிறது. இதுவே மாடுலேஷன். நூறு சதவீதத்தில் அலை ஒரு கணம் பூஜ்யத்தைத் தொடும். அதையும் தாண்டினால் அலை அறுந்து, குரல் கரகரக்கும். 9 கிலோஹெர்ட்ஸ் தள்ளியுள்ள அடுத்த நிலையத்திலும் இரைச்சல் சிதறும். மிகவும் குறைத்தாலோ, டிராம் வண்டியின் மின்பொறிச் சத்தத்தில் பத்ரா மூழ்கிவிடுவார்!

ஆஸிலாஸ்கோப்பில் குறுக்கே ஒலியையும் நெடுக்கே ஒலிபரப்பு அலையையும் கொடுத்தால் திரையில் சரிவகம் தெரியும். இணையான இரு பக்கங்களின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 6-ம் 2-ம் என்றால் 50 சதவீதம். சிறிய பக்கம் புள்ளியாகி முக்கோணமானால் நூறு. முனையில் வால் முளைத்தால் எல்லை மீறியாயிற்று. ஆண்டெனா அம்மீட்டர் முள்ளையும் பார்க்கலாம். ஆனால் பேச்சின் வேகத்துக்கு அது ஓடாது.

லிமிட்டர் வைத்துக் குரலை அமுக்கலாம். அளவுக்கு மீறினால் தழுதழுப்பும் முழக்கமும் ஒரே உயரமாகிவிடும். அதை மட்டும் நான் ஒப்பமாட்டேன்.